பேச்சில்லாதவர்களுக்கு அறை

காரைக்குடி
6.9.1998

பெல்சிக்கு,

நலம். உன் நலம் அறியும் ஆவல் இப்போதைக்கு இல்லை.

நீ கோயம்புத்தூர் போன செய்தியை, பேருந்து நிலையத்தில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்த உன் அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அவ போயி நாளாச்சேத்தா, ஒங்கிட்டச் சொல்லலையா?" என்று கேட்டார். சொன்னாள் என்று பொய் சொன்னேன். உனக்காகச் சொன்ன பொய். நினைவில் வைத்துக்கொள்.

மதுரையில் இரண்டு நாள் கம்ப்யூட்டர் போட்டி முடிந்து, இரண்டாம் பரிசுக் கோப்பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு வந்தோமே, அந்தப் பேருந்தில் என்ன பேசினோம்? ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ப்ரோகிராமை முடிப்பது, பிறகு சொந்தமாகக் கடை போடுவது என்று பேசினோம். அந்தக் கண்ணாடிக்கார நடுவர் மேடையில் கேட்டாரே, "போன வருஷம் பரிசு வாங்கினவங்க எழுதினது எதாவது இன்னிக்கு எங்கயாவது ஓடுதா?" என்று. அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் ஒரு கை உயரவில்லை. "கோப்பைதான் அலமாரியில இருக்கும்" என்று அவர் சிரித்தபோது, நீதான் என் கையைக் கிள்ளி "நம்மது ஓடும்டீ" என்றாய். தழும்பு இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் என்ன நடந்தது? முதல் ஞாயிறு உங்கள் பங்குக் கோயிலில் பாராட்டு. அடுத்த ஞாயிறு எங்கள் தெரு இளைஞர் சங்கத்தில். அதற்கடுத்து வர்த்தகர்கள் கூப்பிட்டார்கள். ப்ரோகிராமில் ஒரு வரி கூடவில்லை, சால்வைதான் கூடியது. நாலாவது ஞாயிறு நான் மட்டும் சென்டரில் காத்திருந்தேன். நீ கோயம்புத்தூரில் இருந்திருக்கிறாய்.

பரிசுப் பணத்தில் போர்டு எழுதிவிட்டேன். "பானு - பெல்சி கம்ப்யூட்டர்ஸ்." அத்தா அதைக் கொல்லைப்பக்கம் ஆடு உள்ளே வராமல் இருக்க வாசலில் சாத்தி வைத்திருக்கிறார். "ரெண்டு பேரு போர்டுல இருக்கீக, ஒருத்தியத்தான் காங்கல" என்று தினமும் ஒரு தரம் சொல்கிறார்.

இன்னொன்று. பள்ளத்தூர் நீலாயதாட்சி ஆச்சி பேப்பரில் நம் படத்தைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். தை மாதம் அவர் இளைய மகனுக்குக் கல்யாணம். பங்காளிகள் எல்லாரும் அந்தப் பெரிய வீட்டில்தான் தங்குவார்கள். யார் யாருக்குள் பேச்சில்லை என்று சொல்லிவிட்டால் போதும், அவர்களை அடுத்தடுத்தோ எதிரெதிரேயோ போடாமல் எங்கள் ப்ரோகிராம் அறை பிரித்துத் தரும் என்றேன். "செஞ்சு குடுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

பர்வீன் பானு

*

கோயம்புத்தூர்
14.9.1998

அன்புள்ள பர்வீன்,

உன் கடிதத்தின் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாரை என் மடியில் ஊற்றிக்கொண்டேன். "சரி என்று சொல்லிவிட்டேன்." எதைச் சரி என்றாய்? நம் ப்ரோகிராம் ஓடாது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நீ.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நடுவர்கள் நம் மேசைக்கு வருவதற்குச் சற்று முன்பு அது அப்படியே நின்றுவிட்டது. கற்பனைக் கல்யாண வீட்டுக்குப் பென்சிலால் போட்டு வைத்திருந்த விடையை நான்தான் உள்ளே தட்டச்சு செய்தேன். நீ பட்டனை அழுத்தினாய், விடை வந்தது, அவர்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. பள்ளத்தூர் கற்பனை வீடில்லை. அங்கே நிஜமான ஆச்சிகள் இருக்கிறார்கள்.

பேப்பர் படத்தைப் பற்றியும் பேசிவிடலாம். கோப்பையை நீ தூக்கிப் பிடித்ததில் என் முகம் முழுக்க மறைந்துவிட்டது. அம்மா அதை வெட்டி ஆல்பத்தில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "இந்தா தெரியிதுல்ல, இதுதான் எங்க பெல்சி காது" என்று காட்டுகிறாராம். போர்டைப் பற்றியும் எழுதினார். பெயின்டருக்கு இடம் போதாமல் என் பெயர் போன் நம்பரைவிடச் சின்னதாக இருக்கிறதாமே. அந்தப் போன் நம்பரும் உங்கள் பக்கத்து வீட்டுடையது.

இங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை. நல்ல வேலை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நீ அழுதால் நான் போயிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை. அது தப்புதான், ஆனால் இதற்கு மேல் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆச்சியிடம் போய் முடியாது என்று சொல்லிவிடு.

பெல்சி

*

காரைக்குடி
11.10.1998

பெல்சிக்கு,

முடியாது என்று சொல்ல முடியாது. ஆச்சியை நேரில் பார்த்தால் உனக்கே தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு பள்ளத்தூர் போனேன். வளவு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், பங்காளிக்கு ஒன்று. ஆளில்லாத காலத்தில் எல்லாம் பூட்டிக் கிடக்கும். யார் யாருக்குப் பேச்சில்லை என்று ஆச்சியிடம் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சதச் சொன்னா நாந்தேன் கோள்மூட்டுறேம்பாக. நீயே போயி அவுகவுகளக் கேட்டுக்க. நீ வெளியாளு, கம்ப்யூட்டருக்குன்னு கேளு" என்றார்.

கேட்கப் போனேன். பெல்சி, சாதாரணமாக ஒரு வீட்டுக்குப் போய் "உங்களுக்கு யாரைப் பிடிக்காது?" என்று கேட்டால் துரத்துவார்கள். கம்ப்யூட்டருக்கு என்றதும் நாற்காலி போட்டு, பணியாரம் வைத்து, விசிறியும் கொடுத்துச் சொல்கிறார்கள். உடையப்பன் செட்டியாருக்கும் அவர் தம்பி வீட்டுக்கும் பேச்சில்லை. அண்டாவை இரவல் வாங்கிப் போய் நசுக்கிக் கொண்டுவந்தார்களாம். கண்டரமாணிக்கம் சாலா ஆச்சிக்கும் அவர் நாத்தனாருக்கும் ஆகாது. கல்யாண வீடியோவில் சாலா ஆச்சி வரும்போதெல்லாம் நாத்தனார் குறுக்கே நின்றாராம். "கேசட்டப் பாத்தாக்க எம்முதுகு கூட வரலத்தா, எப்புடி இருக்கும் எனக்கு?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தில் எனக்கு உன் காது ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். வழக்கம்போல் அப்படியே நிற்கிறது. சோதித்துப் பார்க்க முதலில் நம் பெயரையும் போட்டிருந்தேன். "பெல்சி, பர்வீன்: பேச்சில்லை." அதற்கும் நின்றுவிட்டது.

நான் விடப் போவதில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும்.

பர்வீன் பானு

*

கோயம்புத்தூர்
9.11.1998

பர்வீன்,

இதை நான் திரும்பி வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

நேற்றுப் பூசையில் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் எனக்குத் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பிரசங்கம் எதைப் பற்றி என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அது பாவக் கணக்கில் சேருமா என்று அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் கேட்க வேண்டும்.

தவறு இதுதான். முதல் ஆளை ஓர் அறையில் போடுகிறது, இரண்டாவது ஆளைப் போடுகிறது, ஐந்தாவது ஆளுக்கு இடம் ஒத்துவரவில்லை என்றால் பின்னால் போய் நாலாவது ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும். நாம் அதற்கு முன்னோக்கிப் போக மட்டும்தான் சொல்லிக் கொடுத்தோம். திரும்பிப் பார்க்கச் சொல்லவில்லை. எப்படி மாற்றினாலும் இடம் இல்லாதபோது இல்லை என்று சொல்லவும் கற்றுக் கொடுக்கவில்லை. பாவம், தெரியாது என்று சொல்லத் தெரியாமல் திகைத்து நின்றிருக்கிறது. போட்டியில் இருந்த அவசரத்தில் நாமும் அப்படித்தான் இருந்தோம்.

சரிசெய்து பிளாப்பியில் போட்டு அனுப்புகிறேன். புடவைப் பெட்டி அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். ஹாஸ்டல் வார்டன் பத்திரமாக இருக்கட்டும் என்று அரக்கை உருக்கி அதன் மேலேயே ஊற்றப் போனார். பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

தவறு அரித்துக்கொண்டே இருந்தது, சொறிந்தேன். அவ்வளவுதான். லேபில் எல்லாரும் போன பிறகு இந்த ஒரு மாதமாக வேறு எதையும் செய்யவில்லை என்பதையும் நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெல்சி

*

காரைக்குடி
29.12.1998

அன்புள்ள பெல்சி,

இந்த முறை "அன்புள்ள" போட்டிருக்கிறேன், கவனித்தாயா? காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

பிளாப்பி நன்றாக வேலை செய்கிறது. நிற்பதே இல்லை. பிரச்சினை இப்போது பங்காளிகளிடம்.

நான் சாலா ஆச்சி வீட்டுக்குப் போனது நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது. "என்னயப் பத்திக் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காகளாமே? அப்பச் சரி, நானும் ஏத்துறேன்" என்று ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சாலா ஆச்சியை மட்டும் சொல்லவில்லை, சாலா ஆச்சிக்குக் காபி கொடுத்த சம்பந்தி வீட்டையும் சேர்த்துச் சொன்னார். உடையப்பன் செட்டியாரின் தம்பி, "எங்கண்ணன் இன்னமும் அந்த அண்டாவ மறக்கலையா? நான் மறந்தே போயிட்டேனே!" என்று அதிர்ந்து, அந்தக் கோபத்தில் ஒரு பழைய சைக்கிள் விவகாரத்தைப் புதிதாகக் கிளப்பினார். ஒரு பெரியவர் தனக்கு யாருடனும் சண்டையே இல்லை என்று சொல்லி அனுப்பினார். மறுவாரம் அவரே வந்து, மற்ற எல்லாருக்கும் இருக்கும்போது தன் பெயருக்கு நேரே காலியாக இருந்தால் தன்னை யாரும் மதிக்கவில்லை என்று ஆகிவிடும் என்று மூன்று பேரைப் போடச் சொன்னார்.

நான் கேட்கப் போனபோது கொஞ்சம் பேருக்குத்தான் பேச்சில்லை. நான் கேட்டு முடித்தபோது அந்த வீட்டில் யாருக்கும் யாரோடும் பேச்சில்லை.

எங்கள் வீட்டில் அது தனிக் கூத்து. நோன்பு ஆரம்பித்துவிட்டது. "நோம்பும் அதுவுமா வீடு வீடாப் போயி அடுத்தவுக கொறையக் கேட்டுட்டு வாறியே, புறம் பேசுனா நோம்பு கூடுமாடீ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். நான் பேசவில்லை, கேட்கத்தான் செய்கிறேன் என்றேன். இப்போது நோன்பு திறந்த பிறகு மட்டும் சண்டைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று கடைசியாக ஓட்டிப் பார்த்தேன். நீ சொல்லிக் கொடுத்தபடியே திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "இடமில்லை" என்று சொல்லிவிட்டது. எத்தனை தரம் ஓட்டினாலும் அதே.

பெல்சி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஆச்சிக்குப் பெரும்பாலும் எல்லாம் தெரியும். அவர் வாயைக் கிளறி, யார் எங்கே என்று நாமே ஒரு பட்டியல் அடித்துக் கொடுத்துவிட்டால் என்ன? மதுரையில் செய்தோமே. பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லாரும் வருகிறார்கள். அன்றைக்கு விடை வேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார். இது ஊற்றிக்கொண்டால் இந்த ஊரில் நம்மை ஒருவரும் வாசலில் ஏற்ற மாட்டார்கள். போர்டு ஆட்டுக்குத்தான்.

பயமாக இருக்கிறது.

பர்வீன்

*

கோயம்புத்தூர்
3.1.1999

பர்வீன்,

கூடாது.

ப்ரோகிராமில் தவறில்லை. நீ கடிதத்தோடு வைத்திருந்த பட்டியலை நானும் இங்கே போட்டு ஓட்டினேன். அந்தக் குடும்பத்துக்கு அந்த வீட்டில் இடமில்லை என்பதுதான் சரியான விடை. முதல் தடவையாக நம் ப்ரோகிராம் ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதன் வாயைப் பொத்தி, பக்கத்தில் நின்று நாம் பேசுவதா? கோப்பை வாங்கிய நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது அதனால்தான். கோயம்புத்தூர் வந்ததும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. மேடையில் சால்வை போடும்போதெல்லாம் கழுத்து கூசியது, நீ பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாய். அதைச் சொல்லத் தெரியாமல் ஓடிவந்துவிட்டேன்.

ஆச்சியிடம் போ. இடமில்லை என்று வந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடு. திட்டுவார், வாங்கிக்கொள். விடையை நீயாகத் தட்டச்சு செய்தாய் என்று தெரிந்தால், அன்றைக்கே அந்தப் போர்டில் என் பெயரை அழித்துவிடு. சின்னதாகத்தான் இருக்கிறது, அழிப்பது சுலபம்.

பயப்படாதே என்று எழுத மாட்டேன். எனக்கும் பயம்தான்.

பெல்சி

*

காரைக்குடி
17.1.1999

அன்பான, அருமையான, காது மட்டும் தெரிகிற என் பெல்சிக்கு,

உட்கார்ந்து படி. மெஸ்ஸில் வைத்துப் படிக்காதே.

பொங்கலன்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் போனேன். வளவில் குடும்பத்துக்கு ஒரு பானையாக வரிசையாகப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பானைக்கும் நடுவில் பேச்சில்லாத அளவுக்கு இடைவெளி. ஆச்சியைத் தனியாகக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். "ஆச்சி, நான் வேணும்னா ஒங்க வாயால கேட்டு ஒரு பட்டியல் அடிச்சுத் தந்திருக்கலாம். அப்படிச் செய்யக் கூடாதுன்னு என் கூட்டாளி சொல்லிட்டா. இதுதான் வந்துச்சு" என்றேன். நோன்பு வேறு, நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஆச்சி தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் விறுவிறுவென்று வளவின் நடுவில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். "இடமில்லை." பிறகு சொன்னார்: "கம்ப்யூட்டரு பாத்துருச்சு. இந்த வீட்டுல ஒருத்தரும் ஒருத்தரோட இருக்க ஏலாதாம். நல்லதாப் போச்சு. காரைக்குடியில ஒரு மண்டபத்தப் பிடிச்சுப்புடுறேன். கல்யாணத்த அங்கன வச்சுக்கிருவோம். நீக அவுகவுக லாட்ஜுல தங்கிக்கங்க."

பெல்சி, பொங்கல் பொங்கி வழிந்தது, ஒருவரும் குலவை போடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாடகை மண்டபத்தில் கல்யாணம் என்றால் மற்ற ஊரில் எப்படித் தலைகாட்டுவது? உடையப்பன் செட்டியார்தான் முதலில் என் பக்கம் வந்தார். ஒரு தூணுக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "ஏத்தா, அந்த அண்டா சமாச்சாரத்த அழிச்சுப்புடு. நானா நசுங்கிப் போனேன்? அண்டாதான நசுங்குச்சு" என்றார். அவர் போன பிறகு தம்பி வந்தார். அப்புறம் வரிசை. எல்லாரும் கேட்டது அதையேதான், தங்கள் சண்டையை அழித்துவிடச் சொல்லி.

சாலா ஆச்சி மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து, "முழுசா அழிக்காத. கல்யாணம் முடியிற மட்டும் நிப்பாட்டி வையி. பெறகு நானே வந்து சொல்றேன்" என்றார். அதைக் கேட்டதும் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போனவர்களும் திரும்பி வந்து, தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

மறுநாள் சென்டரில் உட்கார்ந்து ப்ரோகிராமில் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தேன். "எந்தத் தேதி முதல் பேச்சு உண்டு?" என்று கேட்கும். தேதி கொடுத்தால் அந்த நாளிலிருந்து பேச்சுண்டு. காலியாக விட்டால் பேச்சில்லை, எப்போதும். நானாகவே எழுதினேன், யாரும் சொல்லித் தரவில்லை. ஓட்டினேன். திரும்பிப் பார்த்தது, திரும்பிப் பார்த்தது, பிறகு பெயர் பெயராக அறை கொடுத்துக்கொண்டே வந்தது. ஒரு எழுத்தைக்கூட நான் தட்டச்சு செய்யவில்லை. சென்டரில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் அழுதேன், சந்தோஷத்தில் இல்லை.

சாலா ஆச்சி வைகாசியில் கண்டரமாணிக்கத்தில் பேத்தி கல்யாணம் வைத்திருக்கிறார். "எனக்கும் இதே மாதிரி எல்லாரையும் பயமுறுத்திக் குடுக்கணும்" என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இனி ஒரே ஒரு சிக்கல். நம் இரண்டு பேருக்கும் கல்யாணத்துக்கு அழைப்பு, அங்கேயே தங்கச் சொல்லி ஆச்சி உத்தரவு. நம் பெயரைப் பட்டியலில் போட்டேன். நான் முன்பு சோதனைக்குப் போட்ட வரி உள்ளேயே இருந்திருக்கிறது. என்னை வளவின் முதல் அறையில் போட்டுவிட்டு, உன்னைக் கொல்லைப்பக்கம் வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டது.

நான் அந்த வரியை அழிக்கவில்லை. நாமாக விடையை மாற்றக் கூடாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். நம் கட்டம் காலியாக இருக்கிறது. என்ன தேதி போடட்டும்?

பர்வீன்

*

கோயம்புத்தூர்
21.1.1999

அன்புள்ள பர்வீன்,

பெருநாள் வாழ்த்துகள். எனக்குப் பிரியாணி எடுத்து வைத்திருந்தால் அது இத்தனை நாள் தாங்காது, நீயே சாப்பிட்டுவிடு.

உன் கடிதத்தை மெஸ்ஸில்தான் படித்தேன். இந்தத் தடவை ரசம்.

வேலையை விடவில்லை. ஆனால் பிரின்சிபாலிடம் கேட்டு, சனிக்கிழமை மத்தியானமே கிளம்ப அனுமதி வாங்கியிருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு காரைக்குடியில் இருப்பேன். பேருந்தில் பேசியதில் பாதிதான் இது, மீதியை மெதுவாகப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடிக்கார நடுவருக்கு ஒரு கார்டு போட்டுவிட்டேன், எங்களுடையது ஓடுகிறது என்று. மதுரையில் ஓடவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன். கோப்பையைத் திருப்பிக் கேட்டால் உன் பக்கத்துக் காதைக் கொடுத்துவிடு.

தேதி: 23.1.1999, சனிக்கிழமை. இரவுக்குள் வந்துவிடுவேன். போட்டுவிட்டு மறுபடி ஓட்டு. அப்போதும் கொட்டகைதான் என்று வந்தால் இரண்டு பேரும் கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம், ப்ரோகிராமில் கை வைக்காதே.

அத்தாவிடம் சொல்லி ஆட்டுக்கு வேறு கதவு பார். பெயின்டர் வந்தால் என் பெயரைப் பெரிதாக்க வேண்டாம், போன் நம்பரைச் சின்னதாக்கினால் போதும்.

பெல்சி